தேதி போடாத போஸ்டர்

ஜூலை 3, வியாழன்

முதல் ஈடு மாவை கிரைண்டரிலிருந்து வழித்து எடுப்பதற்குள் நாலு போன். ஒன்றாவது இட்லி மாவு கேட்டு வந்ததா என்றால் இல்லை. எல்லாம் ரத்தம் கொடுக்கிற ஜனம். "அம்மா, பி நெகட்டிவ் வேணும்னு போட்டிருக்கீங்க, நான் கரூர்லேருந்து பேசுறேன்" என்கிறார் ஒருத்தர். கரூரிலிருந்து பேசினால் எனக்கென்ன, கல்கத்தாவிலிருந்து பேசினால் எனக்கென்ன? "அது பழசுங்க, வைங்க" என்று வைத்தேன். மாவுக் கை பட்டு போன் முழுக்கப் பிசுபிசுப்பு.

ஆறு வருடத்துக்கு முன்னால் செந்துளி அறக்கட்டளைக்காரர்கள் போட்ட போஸ்டர் அது. என் பையன் படம். "நான்கு வயதுக் குழந்தை. இதய அறுவை சிகிச்சை நாளை காலை. மதுரை. பி நெகட்டிவ் ரத்தம் அவசரம்." கீழே என் நம்பர். அந்த நாளைக் காலைக்குப் பதினோரு பேர் வந்து ரத்தம் கொடுத்தார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மாதத்துக்கு ஒன்றிரண்டு போன் எப்போதும் வரும். இன்றைக்கு என்ன கேடு வந்தது என்று தெரியவில்லை.

இந்த டைரி இவர் மில்லில் கொடுத்தது. மாவு ஆர்டர் எழுத வைத்திருந்தேன். வயிற்றெரிச்சலையும் இதிலேயே எழுதிக்கொள்கிறேன். திண்டுக்கல்லில் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

ஜூலை 4, வெள்ளி

எண்ணுவதை விட்டுவிட்டேன். மாவுக்குப் போன் போட்டவர்களுக்கெல்லாம் லைன் கிடைக்கவில்லை. முக்குக் கடை டிபன் சென்டர்காரர் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டாராம். நாசமாய்ப் போக.

ஜூலை 5, சனி

அறக்கட்டளைக்குப் போன் போட்டேன். அபினேஷ் என்று ஒரு பையன் எடுத்தான். அவன்தான் அவர்களுடைய ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாம் பார்க்கிறவனாம். நான் யார் என்று சொன்னதுமே குதித்தான்.

"அக்கா! நீங்களா? பத்தாம் ஆண்டு விழாவுக்கு ஒரு சீரிஸ் போடுறோம்க்கா. இதுவரைக்கும் அதிகமா ஷேர் ஆன பத்துப் போஸ்டர். அதுல உங்க பையன் போஸ்டர்தான் நம்பர் ஒன்!"

பரிசு விழுந்த மாதிரி சொல்கிறான்.

"தம்பி, இங்க போன் ஓயல. அது பழசுன்னு போடுறதுக்கு என்ன?"

"பழைய பதிவுன்னு மேல எழுதித்தான்க்கா போட்டோம். ஜனங்க எழுதினத விட்டுட்டு படத்த மட்டும் இறக்கி வாட்ஸாப்ல தள்ளிடுறாங்க."

"அப்ப படத்துலயே தேதி போட வேண்டியதுதான? நாளை காலை, நாளை காலைன்னா எந்த நாளைக் காலை?"

"தேதி போட்டா மறுநாளே போஸ்டர் செத்துடும்க்கா. ஒருத்தரும் ஷேர் பண்ண மாட்டாங்க. போடாம விட்டாத்தான் சுத்திக்கிட்டே இருக்கும். அதப் பாத்துதான் புதுசு புதுசா டோனர்ஸ் நம்ம பேஜுக்குள்ள வர்றாங்க. நம்ம எல்லாப் போஸ்டரும் அப்படித்தான்க்கா, வேணும்னேதான் போடுறதில்ல."

படத்தில் இருக்கிறவன் செத்து ஆறு வருடம். போஸ்டர் சாகக் கூடாதாம். எனக்கு வாயில் நல்லா வந்தது. ஆனால் "எடுத்துத் தொலைங்க" என்று மட்டும்தான் சொன்னேன். வேறு எதையும் அந்தப் பொடியனிடம் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது அவன் வேலை.

எடுத்துவிடுகிறானாம். எடுத்தாலும் ஊர் பூராவும் போனதை எப்படித் திரும்ப வாங்குவதாம்? அதற்கு ஒன்றும் செய்ய முடியாதாம்.

ஜூலை 8, செவ்வாய்

இவர் ஒரு புது சிம் வாங்கி வந்து மேசை மேல் வைத்தார். "நம்பர மாத்திரு ஜெயக்கொடி. தொல்ல விட்டுது" என்றார். அவ்வளவுதான் பேச்சு. ராஜாங்கம் என்கிற இந்த மனிதர் மில் மிஷின் சத்தத்தில் இருபது வருடம் நின்றுவிட்டு, வீட்டில் வாய் திறப்பதை மறந்துவிட்டார்.

நம்பரை மாற்றுவது லேசா? வாசல் போர்டில் பெயின்டில் எழுதியிருப்பது இந்த நம்பர். கேஸ் புக்கிங் இதில். ஆதார், ரேஷன் எல்லாம் இதில். யார் அலைவது? பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மத்தியானம் ராமநாதபுரத்திலிருந்து ஒரு பெரியவர். கருவாட்டு வியாபாரமாம். போஸ்டர் பழசு என்று சொன்னேன். சரி என்று வைக்க வேண்டியதுதானே? "அப்படியா தாயி. இப்ப பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கான்" என்றேன்.

இரண்டு படி உளுந்து ஊறிக்கொண்டிருக்கிறது, கரண்ட் போகிற நேரம். நின்று விளக்கிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. அதனால்தான்.

ஜூலை 11, வெள்ளி

நல்லா இருக்கான் என்றால் விடுகிறார்களா? பள்ளிக்கூடம் போகிறானா என்கிறார்கள். என்ன படிக்கிறான் என்கிறார்கள். அடுத்தவன் வீட்டு விஷயத்தில் இந்த ஜனத்துக்கு இருக்கிற அக்கறை இருக்கிறதே! நாலு வயதோடு ஆறைக் கூட்டினால் பத்து. அஞ்சாம் வகுப்பு என்று சொல்லியிருக்கிறேன். ஒருத்தருக்கு ஒன்று சொன்னால் அடுத்தவருக்கும் அதையேதான் சொல்ல வேண்டியிருக்கிறது. மாற்றி மாற்றிச் சொல்லி மாட்டிக்கொள்வதற்கு நான் என்ன கிறுக்கியா?

மாவு வியாபாரம் பாதியாகிவிட்டது. எல்லாம் அந்த அறக்கட்டளையின் புண்ணியம்.

ஜூலை 14, திங்கள்

சிம் இன்னும் கவருக்குள்ளேயே இருக்கிறதே என்று கேட்டார். ஆடி பிறக்கட்டும் என்றேன். "ஆடியில புதுசா ஒண்ணும் செய்யக் கூடாதும்ப" என்றார். அப்படியானால் ஆவணி பிறக்கட்டும் என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "குளிக்கப் போறப்பக்கூட போன எடுத்துட்டுப் போறியே" என்றார்.

மாவு ஆர்டர் வந்தால் யார் எடுப்பது? கேட்கிறார் பார் கேள்வி.

ஜூலை 16, புதன்

இன்றைக்கு ஒரு பெண் பேசினாள். இருபது வயதுக் குரல். மற்றவர்களைப் போல ரத்தம், ஆஸ்பத்திரி என்று ஆரம்பிக்கவில்லை. "உங்க பையன் இப்ப எப்படிம்மா இருக்கான்?" என்றுதான் ஆரம்பித்தாள். எங்கிருந்து பேசுகிறாள் என்று நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அஞ்சாம் வகுப்பு என்றேன். என்ன பிடிக்கும் என்றாள். கிரைண்டர் ஓடும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து, பொங்கி வருகிற உளுந்தை விரலால் வழித்துத் தின்பான், திட்டினால் சிரிப்பான் என்றேன். அது நிஜம்தான். கிரிக்கெட் விளையாடுவானா என்றாள். இடது கையால் பந்து போடுவான், தெருவில் ஒரு ஜன்னல் பாக்கியில்லை என்றேன். தழும்பு தெரிகிறதா என்று கேட்டாள். சட்டை போட்டால் தெரியாது என்றேன்.

அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் அடுப்பில் பால் இருப்பது ஞாபகம் வந்தது. பாத்திரம் கருகிவிட்டது. இந்தப் போன்களால் எனக்கு என்னென்ன நஷ்டம் என்று ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டு அந்த அறக்கட்டளை வாசலில் போய் நிற்கப் போகிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

"கிரைண்டர் ரிப்பேர். மாவு இல்லை" என்று சிலேட்டில் எழுதி வாசலில் மாட்டினேன்.

ஜூலை 23, புதன்

நேற்று இவரும் மில்லுக்கு லீவு போட்டிருந்தார். படத்தைத் துடைத்து, பூப் போட்டு, விளக்கு ஏற்றினார். நான் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. சாயங்காலம் கிரைண்டர் சுவிட்சைத் தட்டிப் பார்த்தார். நன்றாகத்தான் ஓடியது. அணைத்துவிட்டுப் போய்விட்டார்.

போனை நேற்று முழுக்க அணைத்து அரிசி டிரம்முக்குள் போட்டிருந்தேன். நேற்று ஒரு நாள் மட்டும் யாராவது பையன் எப்படி இருக்கான் என்று கேட்டிருந்தால், என்னால் சொல்லியிருக்க முடியாது.

இன்று காலை எடுத்துச் சார்ஜ் போட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அநியாயம். அநியாயம். அநியாயம்.

காலையில் இவருடைய தங்கை சரோஜா போன் செய்தாள். "அண்ணி, என்னண்ணி இது, இப்படி ஒரு கொடுமையப் பண்ணியிருக்கானுங்க" என்று அழுகிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் அவள் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன்.

செந்துளி அறக்கட்டளை. என் பையன் படம். பின்னால் வயலின். "அன்று நான்கு வயது. நாளை என்பதே நிச்சயமில்லை. நீங்கள் பகிர்ந்தீர்கள். பதினோரு பேர் வந்தார்கள். இன்று அவன் ஐந்தாம் வகுப்பு. இடது கையால் பந்து வீசுகிறான். அம்மா அரைக்கும் மாவை வழித்துத் தின்கிறான். உங்கள் ஒரு பகிர்வு, ஓர் உயிர். ஆகஸ்ட் 10, பத்தாம் ஆண்டு விழாவில் அவனை நேரில் சந்திக்க வாருங்கள்."

லட்சம் பேருக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். கீழே கும்பிடுகிற கை, சிவப்பு இதயம், "கண்ணு கலங்கிடுச்சு", "தெய்வங்கள்". அன்றைக்குப் போனில் பேசிய அந்தப் பெண் அவர்கள் ஆபீஸ் பெண். விசாரிக்காமல், ஒரு வார்த்தை நேரில் வந்து பார்க்காமல், போனில் எவளோ ஏதோ சொன்னாள் என்று ஊருக்கே தண்டோரா போட்டுவிடுவதா? இவர்களுக்கெல்லாம் ஆள் பிடிக்க வேண்டும், வேறென்ன?

இவர் ஷிப்ட் முடிந்து வந்தார். மில்லிலேயே யாரோ காட்டியிருக்கிறார்கள். கூடவே ஒருத்தன், "அண்ணே, ஒங்க பையன் போயிட்டான்னுல்ல கேள்விப்பட்டேன், தப்பாச் சொல்லிட்டானுங்களா?" என்று கேட்டிருக்கிறான். செருப்பைக் கழற்றாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் அறக்கட்டளையைத் திட்ட ஆரம்பித்தேன். திட்டினேன், திட்டினேன், அரை மணி நேரம் திட்டினேன். இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "இடது கையாலயா பந்து போடுவான்?" என்று கேட்டார்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

"பால் டம்ளர இடது கையாலதான் புடிப்பான். அப்பப் பந்தும் அப்படித்தான் போடுவான்" என்றார். அப்புறம் முகத்தைக் கழுவப் போய்விட்டார். குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வருவதே இரண்டு நாளைக்கு ஒரு முறை. நான் போய் அடைக்கவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

அபினேஷ் பேசினான். "அக்கா, ஞாயித்துக்கிழம கார் அனுப்புறோம். தம்பிக்கு என்ன சைஸ் டீ-ஷர்ட்டுக்கா?"

"கார் வேண்டாம். வர்றேன்" என்றேன். வர்றேன் என்றுதான் சொன்னேன். வர்றோம் என்று சொல்லவில்லை. அதை அவன் கவனித்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 9, சனி

நாளைக்கு அவர்கள் மானத்தை வாங்கப் போகிறேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று யோசித்து வைத்திருக்கிறேன். தேதி போடாமல் போடுவது யாரை ஏமாற்ற? என் பிள்ளை படத்தை வைத்து எத்தனை பேரைச் சேர்த்தீர்கள்? ஆறு வருடத்தில் ஒருத்தனாவது என் வாசலுக்கு வந்தீர்களா? அந்தத் தலைவர் ஞானதுரை வெள்ளைச் சட்டையில் மேடையில் இருப்பார், மைக்கைப் பிடுங்கியாவது கேட்பேன்.

மாவுச் சட்டியைக் கழுவிக்கொண்டே இதையெல்லாம் இவரிடம் சொன்னேன்.

"திட்டப் போறியா, சொல்லப் போறியா?" என்று கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன்.

"இல்ல" என்றார். வாயே திறக்காத மனிதருக்கு இப்போது மட்டும் எங்கிருந்துதான் வருகிறதோ.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

இவர் டிவிஎஸ்ஸில் கொண்டுபோய் கல்யாண மண்டப வாசலில் விட்டார். உள்ளே வரவில்லை. "நான் இங்கயே நிக்கிறேன்" என்று பூக்கடை ஓரம் வண்டியை நிறுத்திக்கொண்டார். வாசலிலேயே ஆள் உயரத்துக்கு பேனர். அதில் என் பையன். இந்த வீட்டுச் சுவரில் கைக்குள் அடங்குகிற படத்தில் இருக்கிறவன், அங்கே என்னைவிட உயரமாக நிற்கிறான். பிரிண்டில் பல் எல்லாம் ரொம்ப வெள்ளையாக இருந்தது. நான் நின்றுவிட்டேன். பத்து வயதானால் எவ்வளவு உயரம் இருப்பான் என்று, வேண்டாத நினைப்பு.

அபினேஷ் ஓடி வந்தான். நான் நினைத்ததைவிடச் சின்னப் பையன், மீசைகூடச் சரியாக வரவில்லை. "அக்கா, தம்பி எங்க?" என்று என் பின்னால் எட்டிப் பார்த்தான். கையில் சின்ன அளவு டீ-ஷர்ட்.

"தலைவரக் கூப்பிடு" என்றேன்.

மணமகள் அறையில் உட்கார வைத்தார்கள். காபி வந்தது. ஞானதுரை வந்தார், கும்பிட்டார். நான் சொல்ல நினைத்த எதையும் சொல்லவில்லை. "அவன் இல்ல. ஆபரேஷன் ஆன மூணாம் நாளே போயிட்டான்" என்றேன். ஆறு வருடத்தில் இந்த வாக்கியத்தை வாயைத் திறந்து ஒருத்தரிடமும் நான் சொன்னதில்லை என்பது சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது.

அபினேஷ் டீ-ஷர்ட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். "நம்ம ஃபைல்ல ரத்தம் கிடைச்சுது, கேஸ் முடிஞ்சுதுன்னுதான் சார் இருந்துச்சு. நம்ம ஆபீஸ் லிடியா போன்ல கேட்டப்ப, அம்மாவே... நல்லா இருக்கான்னு..." என்று இழுத்தான்.

"ஆமா, சொன்னேன். சொன்னா? நீங்க போட்டுடுவீங்களா?" என்று கத்தினேன். நியாயமான கேள்விதான். ஆனால் என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஞானதுரை கதவைச் சாத்தினார். மெதுவான குரல் அவருக்கு. "அம்மா, நடந்தது தப்பு, மன்னிச்சுக்கங்க. வெளிய ஐந்நூறு பேர் உக்காந்திருக்காங்க. அந்தப் பதினோரு பேர்ல ஏழு பேர் வந்திருக்காங்க. இப்பப் போயி இதச் சொன்னா அவங்க மனசு ஒடஞ்சிடும். இந்தப் பேஜ நம்பி தினமும் எத்தன உசுரு இருக்கு, நீங்களே யோசிங்க. பையனுக்கு ஒடம்பு சரியில்ல, வர முடியலன்னு சொல்லிக்கலாம். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், மேடையில சும்மா உக்காருங்க, போதும். அதுக்கப்புறம் அந்த வீடியோவையே எடுத்துடுறோம்."

மைக்கைப் பிடுங்க வந்தவள் நான். அந்த ஆளைக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்க வேண்டும். நான் ஒன்றும் செய்யவில்லை. காபியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உடம்பு சரியில்லை என்றால் சரியாகிவிடும். அடுத்த வருடம் ஆறாம் வகுப்பு. ஐந்நூறு பேர் கேட்பார்கள். நான் நல்லா இருக்கான் என்று சொன்னால் போதும், இவர்களே கூட இருந்து பார்த்துக்கொள்வார்கள். காபியில் ஆடை கட்டிவிட்டது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒருத்தர் உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும். தோளில் "உயிர் காத்தவர்" என்று எழுதிய பட்டை. கையில் செய்தித்தாள் சுற்றிய ஒரு கிரிக்கெட் மட்டை. "நான் சிக்கந்தர்ம்மா. பேகம்பூர்ல மினி லாரி ஓட்டுறேன். அன்னிக்கு மொத ஆளா வந்து கொடுத்தது நாந்தான். எங்க நம்ம பய? இடது கையாமே? நானும் இடது கைதான்" என்று சிரித்தார்.

ஞானதுரை, "பாய், பையனுக்குக் கொஞ்சம் ஒடம்பு..." என்று ஆரம்பித்தார்.

"அவன் செத்துட்டான்" என்றேன் நான். "நீங்க ரத்தம் கொடுத்த மூணாம் நாளு. நல்லா இருக்கான்னு நான் பொய் சொன்னேன்."

சிக்கந்தரின் முகத்தில் சிரிப்பு அணைய நேரம் எடுத்தது. அழுவார், ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம்தான் வந்தது. "ஏம்மா, அறிவிருக்கா ஒங்களுக்கு? ஆறு வருஷமா ஒரு உசுரக் காப்பாத்துனேன்னு பொண்டாட்டிகிட்டயும் புள்ளைங்ககிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன். போன வாரம் வீடியோவ வீட்டுல எல்லாருக்கும் போட்டுக் காட்டுனேன். இப்பப் போயி என்னன்னு சொல்லுவேன்?"

என்னிடம் ஆறு வருடமாக யாரும் கோபப்பட்டதில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பதிலுக்கு நானும் கத்தினேன். "நீங்க கொடுத்து என்ன புண்ணியம்? பதினோரு பேர் கொடுத்தீங்க, நின்னுச்சா உசுரு?" அத்தனை வருடம் உள்ளே வைத்திருந்தது. அந்த மனுஷனிடம் போய்க் கொட்டினேன். போன் செய்கிற ஒவ்வொருத்தர் மேலும் எனக்கு எரிச்சல் வந்ததற்கு அதுதான் காரணம் என்றால் இருக்கட்டும். எழுதிவிட்டேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மட்டையை மடியில் வைத்துக்கொண்டார். "பேராவது சொல்லும்மா. போஸ்டர்ல பேரு போடல. எங்க வீட்டுல 'பி நெகட்டிவ் பய'ன்னுதான் சொல்லுவோம்" என்றார்.

"மகிழன்" என்றேன்.

"மகிழன்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

மேடைக்கு நான் போகவில்லை. சிக்கந்தர் போனார். மைக்கில் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. நான் மண்டபத்தை விட்டு வெளியே வரும்போது உள்ளே சத்தமே இல்லை, அவ்வளவுதான் தெரியும். மட்டையை என் கையில் திணித்துவிட்டுப் போயிருந்தார். இவர் பூக்கடை ஓரமாக அப்படியே நின்றுகொண்டிருந்தார். மட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டியைக் கிளப்பினார். வருகிற வழியெல்லாம் மட்டை எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது.

ஆகஸ்ட் 13, புதன்

அபினேஷ் வீட்டுக்கே வந்துவிட்டான். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றவனை உள்ளே கூப்பிடவில்லை. திருத்தம் போட வேண்டுமாம். என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்கிறான்.

"என்னத்த எழுதுறது? மகிழன், ஆபரேஷன் தேதி, போன தேதி. அவ்வளவுதான். வயலின் போட்ட, வீட்டுக்கு வந்து கால ஒடைப்பேன்."

"சரிக்கா."

"இனிமே எல்லாப் போஸ்டர்லயும் தேதி போடணும். படத்துக்குள்ளயே, பெருசா."

"ரீச் விழுந்துடும்க்கா" என்றான். அழுகிற மாதிரி இருந்தான், ஆனாலும் சொன்னான் பாருங்கள். "நெசமாத்தான்க்கா. பாதிப் பேருக்குக்கூடப் போகாது. அப்புறம் அவசரத்துக்கு ஆள் கிடைக்கலன்னா?"

அது எனக்கும் தெரியவில்லை. "விழுந்தா விழட்டும். போடு" என்றேன். அரைக் கிலோ மாவு வாங்கிக்கொண்டு போனான். காசு வாங்கினேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

திருத்தம் வந்துவிட்டது. வயலின் இல்லை. மூன்று தடவை படித்தேன். பையனின் பெயரில் ழ சரியாக இருக்கிறது.

போன் வரவில்லை. ஒன்றுகூட இல்லை. சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

ஆகஸ்ட் 16, சனி

இன்றும் இல்லை. அவர்கள் பேஜை என் போனில் போட்டுக்கொண்டு எல்லாப் போஸ்டரிலும் தேதி இருக்கிறதா என்று பார்க்கிறேன். நேற்று ஒன்றில் மறந்துவிட்டான். போன் போட்டுக் கிழித்தேன். ஐந்து நிமிடத்தில் மாற்றினான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சாயங்காலம் இரண்டாவது ஈடு ஓடிக்கொண்டிருக்கும்போது போன். தெரியாத நம்பர். மாவுக் கையோடு பாய்ந்து எடுத்தேன்.

"அம்மா, பட்டுக்கோட்டையிலேருந்து பேசுறேங்க. நாளைக்குக் காலைல பையனுக்கு ஆபரேஷன்னு வாட்ஸாப்ல வந்துச்சு. பி நெகட்டிவ். நான் பி நெகட்டிவ்ங்க."

எங்கேயோ ஒரு குரூப்பில் அது இன்னும் சுத்திக்கொண்டிருக்கிறது. சுத்தட்டும். கிரைண்டரை அணைத்தேன். இவர் வாசலில் உட்கார்ந்திருந்தார், திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, அது ஆறு வருஷத்துக்கு முந்தின போஸ்டர். எம் பையன்தான், பேரு மகிழன். ரத்தமெல்லாம் கிடைச்சுது. ஆனா அவன் பொழைக்கல, செத்துட்டான்" என்றேன். குரல் உடையவில்லை. உடைந்தது. ஆனால் சொல்லி முடித்துவிட்டேன்.

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் மட்டும் கேட்டது. பிறகு அவன் மெதுவாக, "நான் மதுர பஸ்சுல ஏறிட்டேன்ங்கம்மா. வண்டி ஊரத் தாண்டிருச்சு. இப்ப எறங்கிறட்டுங்களா?" என்று கேட்டான்.

"இரு தம்பி, வச்சுடாத" என்றேன். அவர்கள் பேஜைத் திறந்தேன். மாவு பட்டு விரல் வழுக்கியது. மேலேயே இருந்தது. ஆகஸ்ட் 20, புதன், காலை எட்டு மணி. மதுரை. ஏழு வயதுப் பெண் குழந்தை. பி நெகட்டிவ். தேதி பெருசாகத்தான் போட்டிருந்தான்.

"எறங்காத" என்றேன். "நம்பர் சொல்றேன், எழுதிக்க."